அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டிய சேதி

ரகசியம் காப்பதில் நான் கெட்டிக்காரி. எவ்வளவு கெட்டிக்காரி என்றால், நான் வயதுக்கு வந்த சேதி என் அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்பே, அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. (ஏழு என்று சொன்னால் எந்தக் கண்டக்டரும் நம்புகிற உடம்பு.) அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டியவர், காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் சட்டை மடிக்கும் வேலைக்குப் போனாள். ஒருநாள் காலடிப்பேட்டை வீட்டில் கதவைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்து, எனக்குப் பாடம் எடுத்தாள். ரத்தம் வரும், பயப்படக் கூடாது, நாப்கினை இப்படி வைக்கணும், எடுத்ததைக் காகிதத்தில் இப்படிச் சுற்றணும். அவள் சுற்றிக் காட்டியதைக் கடையில் விற்பனைக்கே வைக்கலாம், அத்தனை கச்சிதம். என் பையிலும் ஒன்று போட்டு வைத்தாள்.

"வந்தா மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும். உங்க அத்தைக்குத் தெரிஞ்சிச்சி, அவ்ளோதான். தாலியில்லாதவ மொத தண்ணி ஊத்தக் கூடாதுன்னு என்னை ஓரமா நிக்க வெச்சிடுவாங்க. பெத்தவ நான். நான்தான் ஊத்துவேன்."

சரி என்று அவள் கையில் அடித்துக் கொடுத்தேன். வயிறு வலிக்கும் என்பதை மட்டும் அம்மா சொல்லவில்லை. நான் பயந்துவிடுவேன் என்று விட்டிருக்கிறாள்.

தீபாவளி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு லீவு கிடையாது. செல்போனையும் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அம்மா என்னைக் காத்திவாக்கத்தில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அத்தை அப்பாவின் தங்கை, மீன் விற்பவள். அவள் வீட்டு பாத்ரூமில்தான் வந்து தொலைத்தது. பாடத்தில் ஒன்று விடாமல் செய்து முடித்து, ஒன்றும் நடக்காத முகத்தோடு வெளியே வந்து உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை தாக்குப் பிடித்தால் போதும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் வலி பிடித்தது. பாடத்தில் இது இல்லையே, இது வேறு வியாதி, அப்பாவைப் போல நானும் போகப் போகிறேன் என்று முடிவு கட்டிச் சுருண்டு படுத்து அழுதேன்.

அத்தை லேசுப்பட்டவள் இல்லை. முதலில் அதைத்தான் கேட்டாள்.

"இன்னாம்மே, துணில எதுனா பட்டுகீதா?"

"இல்ல."

"நெசமா?"

"எங்கப்பா மேல சத்தியமா இல்ல. வவுறு மட்டும்தான் வலிக்குது. அம்மா வரட்டும்."

(செத்துப்போன மனிதரை இதில் இழுத்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.) அண்ணன் மேல் சத்தியம் என்றதும் அத்தை நம்பிவிட்டாள். "அப்போ கொடல்வாலு தான். வெடிச்சிட்டா ஆளு காலி" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. என்னை ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு தெருவில் பாதிப் பெண்கள் ஏறினார்கள். வழியெல்லாம் குடல்வால் வெடித்துச் செத்தவர்களின் கதை. சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அம்மா தண்ணி ஊத்தணுமே. செத்தாலும் சொல்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் திரைக்குப் பின்னால் என்னைப் பார்த்த மாத்திரத்தில் நர்சுக்குப் புரிந்துவிட்டது. "அத்தைகிட்ட சொல்லாதீங்க" என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். தலையை ஆட்டினார். வெளியே போய், வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"யாரும்மா இந்தப் பாப்பாகூட வந்தது? கொடல்வாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெரிய மனுஷி ஆயிட்டா. இட்டுகினு போய் உளுந்தங்களி கிண்டிக் குடுங்க."

காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர், "நல்லா இரு கண்ணு" என்று வாழ்த்தினார். அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கடை முதலாளிக்குப் போன் போட்டு அம்மாவை வரவழைத்தார்கள். அவள் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என்னைப் பலகையில் உட்கார வைத்து, சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள். அம்மா நேராக வந்து சொம்புக்குக் கை நீட்டினாள். அத்தை சொம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை.

"கோச்சிக்காத அண்ணி. கொழந்த நல்லா இருக்கணும்ல."

அம்மா குழாயடிப் பக்கம் போய் நின்றாள். எனக்குத் தலை துவட்ட எடுத்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். என் தலையில் யார் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். எல்லாம் என்னால்தான் என்று நினைத்துக்கொண்டு அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாருக்கு வயிறு வலித்தாலும், "கொடல்வாலா, இல்ல அம்மாகிட்ட மட்டும் சொல்ற வியாதியா?" என்று யாராவது கேட்பார்கள். கல்யாண வீடுகளில் அத்தை அந்த நர்ஸ் மாதிரியே நடித்துக் காட்டுவாள். அம்மாவும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பாள்.

அத்தைக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அடுத்த மாதம் வந்தபோது அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. வெந்நீர் வைத்து, மஞ்சள் கரைத்து, கதவைத் தாழ் போட்டுவிட்டு என்னை உட்கார வைத்தாள். "ரெண்டாவது தபாக்கு யாரும் வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அண்டா காலியாகும் வரை ஊற்றினாள்.