ஏழாயிரம் ரூபாய் ஜெர்சி

எப்படியும் ஒரு தடவை என் மனைவியை ஜெயித்துவிடுவது என்று 2008 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை தீர்மானம் செய்தேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் கறிவேப்பிலை விஷயத்தில்கூட நான் ஜெயித்தது கிடையாது. வேண்டாம் என்று சொன்னால் இரண்டு கொத்து சேர்த்து விழும்.

எனக்கு மின்வாரியத்தில் உத்தியோகம். வில்லாபுரத்தில் சொந்த வீடு. மனைவி ஹம்சவேணி வீட்டின் பின்னறையில் இரண்டு தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். மூன்றாவது மிஷின் போட இடம் இல்லை, முன்னறையைக் கொடுங்கள் என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். முன்னறையில்தான் என் சாய்வு நாற்காலி, என் டி.வி., என் பேப்பர், என் மானம் எல்லாம் இருக்கின்றன. கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். சண்டை மட்டும் தமிழில். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாண்டியம்மாள் அக்காவுக்கும் புரிய வேண்டும் என்பது ஹம்சவேணியின் பெருந்தன்மை.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசைத்துப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கியர் சைக்கிள் வாங்கினேன். ஞாயிறுதோறும் கிளம்புகிற ஒரு சைக்கிள் கோஷ்டியில் சேர்ந்தேன். கோஷ்டித் தலைவர் விஜய்ஆனந்த், கே.கே. நகரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற இளைஞர். அவர் போட்டிருந்த உடையைப் பார்த்ததும் எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. நீலச் சட்டை, கறுப்பு அரைக்கால் சட்டை, உட்காரும் இடத்தில் மெத்தை, நெஞ்சிலும் தொடையிலும் தனித்துணியில் வெட்டித் தைத்த சிவப்புப் பறவை. 'தோர்னெல்லா' என்று இத்தாலிக் கம்பெனி. ஜெர்சியும் ஷார்ட்ஸும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்.

"சென்னைல நம்ம ஆள் இருக்காரு, வரவச்சிரலாம். அண்ணே, உங்களுக்கு என்ன சைஸ்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் விஜய்.

வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "எல்," என்றேன்.

பத்து நாளில் பெட்டி வந்தது. ஹம்சவேணி ரவிக்கைக்குக் கொக்கி வாங்க விளக்குத்தூண் பக்கம் போயிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி முன் இரண்டு நிமிஷம் போட்டுப் பார்த்தேன். மூச்சு விடுவதற்காகக் கழற்றினேன். அப்போது கதவு திறந்தது.

"என்னங்க இது?"

"ஜெர்சி."

"எம்புட்டு?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். பெட்டிக்குள்ளே பில் இருந்தது. அவள் கையில் பெட்டி இருந்தது.

"ஏழாயிரமா!" அவள் உடனே தமிழுக்கு மாறினாள். "ஏழாயிரத்துக்கு ஜெர்சி வாங்கியாந்திருக்காரு!"

மதிலுக்கு மேல் பாண்டியம்மாள் அக்காவின் தலை முளைத்தது. அக்காவுக்குப் பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம். விவசாயக் குடும்பம்.

"ஏழாயிரமா? சல்லிசுதான், ஏத்தா. கன்னோடயா?"

"மாடு இல்லக்கா. சட்டை."

"சட்டையா? அப்ப ஒண்ணும் கறக்காதா?"

"எங்கிட்ட இருந்து ஏழாயிரம் கறந்திருச்சே, போதாதா?"

நான் நிமிர்ந்து நின்றேன். "அக்கா, இது சாதாரணச் சட்டை இல்ல. பிராண்டு."

"பிராண்டுமா? ஆத்தி! பூனையவா வாங்கியாந்தீக?"

ஹம்சவேணி சட்டையைத் திருப்பினாள். தையலை நகத்தால் நெருடினாள். துணியை இழுத்து விட்டாள். மெத்தையை அமுக்கினாள். அப்புறம் சொன்னாள்:

"இந்தத் துணி திருப்பூர்ல எங்க சித்தப்பா மகன்கிட்டக் கிடைக்கும். மெத்தைக்குக் கார் சீட் தைக்கிறவங்ககிட்ட ஸ்பாஞ்ச் வாங்கலாம். எண்ணூறு ரூபாய்ல நான் தைச்சுத் தாரேன்."

"நீ தைச்சது ரவிக்கை மாதிரி இருக்கும்."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"பந்தயம்," என்றாள்.

பந்தயம் இப்படி முடிவானது. அவள் அதே நீலம், அதே கறுப்பில் ஒரு செட் தைப்பாள். முதல் ஞாயிறு அவள் செட்டில் நான் போக வேண்டும். அடுத்த ஞாயிறு கம்பெனி செட்டில். எது நல்லது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி ஜெயித்தால் ஷூ, கண்ணாடி, ஹெல்மெட் எல்லாம் அதே பறவை மார்க்கில் வாங்கிக்கொள்ளலாம், அவள் வாயே திறக்க மாட்டாள். அவள் ஜெயித்தால் முன்னறை அவளுக்கு.

"தீர்ப்பு நான்தானே சொல்லணும்?" என்று உறுதி செய்துகொண்டேன்.

"நீங்கதான்."

"மாத்திப் பேசக் கூடாது."

"பேச மாட்டேன். அதுவரைக்கும் பெட்டி எங்கிட்ட இருக்கட்டும். முந்தியே போட்டுப் பழகிட்டா தீர்ப்பு அந்தப் பக்கம் சாஞ்சிரும்."

தீர்ப்பு என் கையில். பிறகு தோற்பதற்கு வழி ஏது? அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டு போய் நொண்டி நொண்டித் திரும்புவது, பறவையைப் போட்டுக்கொண்டு போய்ச் சிரித்துக்கொண்டே திரும்புவது. இதுதான் என் திட்டம். எளிமையான திட்டம். சனிக்கிழமை மத்தியானம் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகையும் பார்த்தேன். இடது கால் நொண்டல் வலது கால் நொண்டலைவிட உருக்கமாக இருந்தது. அதையே வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ஹம்சவேணி செட்டை நீட்டினாள். அச்சு அசல் அதே மாதிரி. பறவைக்குப் பதில் நெஞ்சிலும் தொடையிலும் மஞ்சள் நூலில் சின்ன மாங்காய் எம்பிராய்டரி. நன்றாகத்தான் தைத்திருக்கிறாள், பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டேன். சிரமப்பட்டுத்தான் ஏறியது.

அன்றைக்குத் திருவாதவூர் பயணம். தெப்பக்குளம் தாண்டுவதற்குள் இடுப்பு எலாஸ்டிக் என் வயிற்றை இரண்டு மாநிலமாகப் பிரித்துவிட்டது. ஒத்தக்கடையில் தொடை பற்றி எரிந்தது. மெத்தை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. எனக்குப் பின்னால் யாருக்கோ தைத்த மாதிரி தள்ளி இருந்தது. யானைமலையை நான் அன்று பார்க்கவில்லை. வலியில் கண்ணை மூடியிருந்தேன். திருவாதவூரில் எல்லாரும் உட்கார்ந்து டீ குடித்தார்கள். நான் நின்று குடித்தேன்.

வீடு திரும்பியபோது நொண்டினேன். இடது கால், வலது கால் இரண்டும். நடிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

பாண்டியம்மாள் அக்கா மதில் மேலே வந்தார். "தம்பி, என்ன லாரி மோதிருச்சா?"

"உங்க ஹம்சா தைச்சது மோதிருச்சுக்கா!"

ஹம்சவேணி நோட்டும் பேனாவும் நீட்டினாள். நின்றுகொண்டே எழுதினேன்:

"மாங்காய் போட்ட உடை இடுப்பைப் பிடித்தது. தொடையை அறுத்தது. மெத்தை வழி தவறிவிட்டது. மொத்தத்தில் மனித குலத்துக்கு ஒவ்வாதது. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, ராதாகிருஷ்ணன்."

"நல்லா யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

அவள் முகத்தில் வருத்தமே இல்லை. வருத்தத்தை மறைக்கிறாள் என்று எண்ணி எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு. பறவை வந்தது. போட்டேன். தானாக ஏறியது. இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், அவ்வளவு சுகம். கம்பெனி கம்பெனிதான் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

மேலூர் வரை போய்த் திரும்புவதுதான் ஏற்பாடு. மேலூர் வந்தபோது எனக்கு நிற்க மனமில்லை. "கொட்டாம்பட்டிக்கு விடுங்கப்பா!" என்று முன்னால் பறந்தேன். இரண்டு பக்கமும் வயல், எதிர்க்காற்று, பின்னால் விஜய்ஆனந்த் மூச்சு வாங்குகிற சத்தம். அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரமாக இருந்தது. நாற்பத்தைந்து வயதில், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிற ஒரு மின்வாரிய ஊழியன், முப்பது வயது இளைஞனை ஒரு பர்லாங் பின்னால் விட்டுவிட்டு முதல் ஆளாகக் கொட்டாம்பட்டிக்குள் நுழைந்தான். கையை விட்டுவிட்டு ஓட்டலாமா என்றுகூடத் தோன்றியது. ஒரு ஆடு குறுக்கே வந்ததால் தோன்றியதோடு நிறுத்திக்கொண்டேன்.

கொட்டாம்பட்டி டீக்கடையில் உட்கார்ந்தேன். நன்றாக, அழுத்தமாக, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பிறகு பேசினேன்.

"எதுல வேணாலும் சிக்கனம் பாருங்க, தம்பிகளா. உக்கார்ற எடத்துல மட்டும் பாக்காதீங்க. இந்தத் தையலப் பாருங்க! இதெல்லாம் நம்ம ஊர்ல ஒருத்தராலயும் முடியாது. ஏழாயிரம் இல்ல, பத்தாயிரம் குடுக்கலாம்!"

"இன்னைக்கு நீங்க அடிச்சு நொறுக்கிட்டீங்கண்ணே," என்றார் விஜய். தன் இடுப்பு எலாஸ்டிக்கை இரண்டு விரலால் இழுத்து விட்டுக்கொண்டே சொன்னார்.

வெற்றி விழா வேண்டாமா? சாயந்தரம் விஜய்யையும் மூன்று பேரையும் வீட்டுக்குப் புளியோதரை சாப்பிட அழைத்தேன். ஹம்சவேணி தோற்பதைச் சாட்சிகளோடு பார்க்க ஆசை. அவள் முகம் கோணாமல் பரிமாறினாள். நோட்டை நீட்டினாள். எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்துக்கொண்டே எழுதினேன்:

"பறவை போட்ட உடை என் உடம்புக்கென்றே பிறந்தது. இடுப்பு, தொடை, இருக்கை முப்பகுதிகளும் மகிழ்ச்சி தெரிவிக்கின்றன. தைத்த கைக்குத் தங்க வளையல் போடலாம். உண்மையுள்ள, ராதாகிருஷ்ணன்."

"தங்க வளையலா? எழுதிட்டீங்களா?" என்றாள் ஹம்சவேணி.

"எழுதிட்டேன்!"

அவள் உள்ளே போய் இரண்டு செட்டையும், கத்தரிக்கோலையும் எடுத்துவந்தாள். மாங்காய்ச் சட்டையின் கழுத்துக்கு உள்ளே ஒரு பட்டித்துணி தைத்திருந்தது. அதை வெட்டினாள். அடியில் ஏதோ அச்சடித்திருந்தது.

"தம்பி, எனக்குக் கண்ணாடி இல்ல. இதக் கொஞ்சம் வாசிங்க."

விஜய் வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே... தோர்னெல்லான்னு போட்டிருக்கு. சைஸ் எல்."

பறவைச் சட்டையின் உள்பக்கத்தைப் புரட்டினாள். துவைக்கும் குறிப்பும் இல்லை, சைஸும் இல்லை. தையற்காரச் சாக்குக்கட்டியில் 'வயிறு 42' என்று அவள் கையெழுத்தில் இருந்தது.

புளியோதரை இலையைத் தள்ளி வைத்தேன்.

"மோசடி!" என்று எழுந்தேன். "பறவையப் பிரிச்சு உன் சட்டைல வச்சுத் தைச்சிருக்கே! இது பந்தயமா?"

"நேர்மையாத்தான் பண்ணணும்னு இருந்தேன். போன வாரம் சனிக்கிழமை கொடில துணி எடுக்கப் போனேன். ஜன்னல் வழியாப் பாத்தா, ஒருத்தர் கண்ணாடி முன்னாடி இடது கால நொண்டிப் பாக்குறாரு, அப்பறம் வலது கால நொண்டிப் பாக்குறாரு. சைக்கிளத் தொடவே இல்ல, அதுக்குள்ள எங்க அடிபட்டுச்சுன்னு யோசிச்சேன். அப்பறம்தான் பறவைய எடம் மாத்துனேன்."

மூன்று பேர் இலையைப் பார்த்தார்கள். விஜய் கூரையைப் பார்த்தார்.

மதில் மேலிருந்து குரல் வந்தது. "ஏத்தா, அப்ப மொத வாரம் பிராண்டுனது?"

"பிராண்டுதான்க்கா!"

"அதான் பேர்லயே இருக்கே!"

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "அப்ப ஏழாயிரம் ரூபாய்ச் சாமான் மோசம்னு சொல்றியா?"

"யார் சொன்னா? அருமையான துணி. தையல் கண்ணுல ஒத்திக்கலாம். நானே பிரிச்சுப் பாத்து நாலு விஷயம் கத்துக்கிட்டேன். முப்பத்தி நாலு இடுப்பு இருக்குற ஆளு தாராளமா ஏழாயிரம் குடுக்கலாம். நீங்க வயித்துக்குக் கூச்சப்பட்டு எல்னு சொன்னா, இத்தாலிக்காரன் என்ன பண்ணுவான்?"

விஜய்ஆனந்த் தொண்டையைச் செருமினார்.

"அக்கா... எனக்கும் இடுப்புல கொஞ்சம் பிடிக்குதுக்கா. வெளிய சொல்லல. எனக்கு ஒரு செட் தைச்சுத் தருவீங்களா? அந்த மாங்காயும் வேணும்."

"எனக்கும்," என்றது ஒரு குரல். "எனக்கு ரெண்டு," என்றது இன்னொரு குரல். ஹம்சவேணி டேப்பை எடுத்து அங்கேயே அளவெடுக்க ஆரம்பித்தாள். அளவு சொல்லச் சொல்ல யார் எழுதுவது? நோட்டும் பேனாவும் என் கையில்தான் இருந்தன.

செவ்வாய்க்கிழமை முன்னறை காலியானது. சாய்வு நாற்காலி மாடிப்படிக்குக் கீழே போனது. மூன்றாவது மிஷின் வந்தது, நான்காவது வந்தது, வாசலில் போர்டு வந்தது. திண்டுக்கல்லிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் சைக்கிள்காரர்கள் தேடி வந்தார்கள். பறவையை மறுபடி கம்பெனி செட்டிலேயே தைத்து, கடைப் பொம்மைக்குப் போட்டுவிட்டாள். பொம்மைக்கு எல் கச்சிதமாக இருக்கிறது. தங்க வளையலும் வாங்கிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தாயிற்றே.

நான் மட்டும் வண்டியை நிறுத்தவில்லை. அவள் தைத்த செட்டில் வாராவாரம் போனேன். ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. டாக்டர் கைகுலுக்கினார். வயிறு நாற்பத்திரண்டிலிருந்து முப்பத்தேழுக்கு வந்துவிட்டது. பழைய செட் தொளதொளத்துச் சரிய ஆரம்பித்தது. இதைவிட ஒரு மனிதனுக்கு வேறென்ன வெற்றி வேண்டும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னறைக்குப் போய், மேஜைக்கு எதிரே நின்றேன்.

"எனக்குப் புதுசா ஒரு செட் வேணும், ஹம்சா. அளவு குறைஞ்சிருக்கு."

"முன்னாடி பதினாலு பேர் இருக்காங்க. தை மாசம் ஆகும்," என்றாள் அவள், ஆர்டர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "பேரு?"

"ராதாகிருஷ்ணன்," என்றேன்.

"இனிஷியல்?" என்றாள்.