காத்த மறைக்காத!

மாட்டுக்கு ஷிப்ட் போட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கிறார். சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஓய்வெடுக்கத் தெரியாதவர் என்பதால், எங்கள் பிளாக் முழுக்க அவருக்கு ஓவர்டைம் அண்ணன் என்றே பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசிப்பார்.

அண்ணனுக்கு உலகம் இரண்டே வகை: பெர்மனென்ட், கான்ட்ராக்ட். வெயில் பெர்மனென்ட், மழை கான்ட்ராக்ட். மகள் பெர்மனென்ட், மாப்பிள்ளை கான்ட்ராக்ட். அவருடைய ஜெர்சி கலப்புப் பசு செல்வி பெர்மனென்ட். தூக்குவாளியோடு பால் வாங்கப் போகும் குவார்ட்டர்ஸ்காரர்கள் நாங்கள் எல்லாரும் கான்ட்ராக்ட்.

செல்வி மேல் வெயில் படக் கூடாதென்று நாலு பக்கமும் உச்சி வரை சுவர் எழுப்பித் தகரம் போட்டார். கோடையில் தகரம் கொதித்தது. எங்கள் ஊரில் எந்தச் சிக்கலுக்கும் மருந்து ஒன்றுதான்: சுரங்கத்தில் கழித்துப் போட்ட பழைய கன்வேயர் பெல்ட். அந்தக் கறுப்பு ரப்பரைக் கூரை முழுக்கப் போர்த்திவிட்டு, "இனிமே சூரியன் உள்ள வரணும்னா கேட் பாஸ் வாங்கணும்" என்றார்.

சூரியன் கேட் பாஸ் கேட்கவில்லை. கறுப்பு ரப்பர் வெயிலைக் குடித்துக் குடித்து உள்ளே இறக்கியது. போதாக்குறைக்கு அண்ணன் நாளெல்லாம் தண்ணீர் வேறு ஊற்றினார். காற்று போக வழியில்லாத கொட்டகை இட்லிப் பானையாகிவிட்டது. செல்வி நாக்கைத் தொங்கப் போட்டு, எச்சில் ஒழுக மூச்சு வாங்கினாள். தீனியைத் தொடவில்லை. பாலும் சொம்பளவுக்கு வற்றிவிட்டது.

"ஏய்யா, வாயில்லா ஜீவன வேவ வச்சிகினு இருக்கியே, அடுக்குமா?" என்று அண்ணன் மனைவி வெடித்தார்; எங்களுக்கெல்லாம் அவர் அக்கா. "ஞாயித்துக்கெழமைக்குள்ள அது தீனி எடுக்கலன்னா ஓட்டிகினு போவ வடலூர் மாட்டுத் தரகர வரச் சொல்லிட்டேன். எங்கனா போயி உசுரோட இருக்கட்டும்."

அண்ணன் தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு செல்வி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சும்மா உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை, பயமாகிவிட்டது. கால்நடை டாக்டரை அழைத்து வந்தோம்.

"மாட்டுக்கு என்னா சீக்குங்க?" என்றார் அண்ணன்.

"கொட்டகைதாங்க சீக்கு. செவுத்த இடிங்க."

அண்ணன் தன் கையால் கட்டிய சுவரை முழங்கால் உயரம் மட்டும் விட்டுத் தானே இடித்தார். கான்ட்ராக்ட்காரர்கள் நாங்கள் கல் சுமந்தோம். கூரையை உயர்த்தித் தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தோம். பெல்ட் கீழிறங்கி, செல்வி படுக்க விரிப்பானது. அண்ணன் வீட்டு ஃபேன் கொட்டகைக்கு வந்தது. ஈரம் காற்றில் காய்ந்தால்தான் உடம்பு குளிரும் என்று டாக்டர் சொன்னதும், அண்ணனுக்குச் சுரங்கத்துப் பழைய விசில் ஞாபகம் வந்துவிட்டது. விசில் ஊதினால் ஏ ஷிப்ட்: உடம்பு நனையத் தண்ணீர். அடுத்த விசிலுக்கு பி ஷிப்ட்: தண்ணீர் நிற்கும், ஃபேன் சுற்றும். சி ஷிப்டில் இரண்டுக்கும் ரெஸ்ட். மறுபடியும் ஏ.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். நல்ல வேளை பார்த்து பி ஷிப்ட். ஃபேனுக்கு நேராகப் போய் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"ஆகா, என்னா காத்து!"

"யோவ், காத்த மறைக்காத! மாடு மூச்சு வாங்கிகினு நிக்குது, குறுக்க வந்து நின்னுகினு!" என்று அண்ணன் பாய்ந்தார்.

தரகர் துள்ளி விலகினார். அவர் விலகிய இடத்தில் செல்வி தெரிந்தாள். தொட்டிக்குள் முகத்தை விட்டு, சாவகாசமாகப் புல்லை இழுத்துக்கொண்டிருந்தாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மோர் குடிச்சிட்டுக் கெளம்புங்க தரகரே."

அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் 'காத்த மறைக்காத' என்பது சட்டம். பால் வாங்கப் போனால் சுவரோரமாக நண்டு மாதிரி நகர்ந்துதான் போவோம்.

போன வாரம் அனல் வெயில். சைக்கிள் மிதித்துப் போய், சட்டையெல்லாம் நனைந்து, வழக்கம்போல ஓரமாக ஒதுங்கி நின்றேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னாப்பா இப்படி வேர்த்துக் கொட்டுது? செத்த இப்படி வந்து நில்லு."

"காத்த மறைச்சிடுவேனேண்ணே?"

"வா, வா. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

நின்றேன். முதுகில் காற்று பட்டது. செல்வி ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகப் பால் வாங்குகிறேன், அன்றைக்குத்தான் நான் பெர்மனென்ட் ஆனேன்.