ஐம்பதில் ஒன்று போக

வள்ளூர் அனல்மின் நிலையத்தையே தன் சுருதிப்பெட்டியாக வைத்துக்கொள்வதென்று என் வீட்டுக்காரர் ஆன்றோ முடிவெடுத்தார்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவருடைய பழைய ஆம்ப்ளிஃபையர் நிற்கிறது. ஸ்விட்சைப் போட்டதும் "ம்ம்ம்ம்" என்று இரையும். அந்த இரைச்சலைக் கேட்டுக் கேட்டுக் கிட்டாரின் ஜி கம்பியை முறுக்குவார்.

"கரண்டுக்கு செகண்டுக்கு ஐம்பது துடிப்பு, ஜெஸ்லின். வள்ளூர்லருந்து எண்ணூர் வழியா நேரா நம்ம வீட்டுக்கு வர்ற சுருதி. சும்மா கிடைக்குது!"

"ஷாக்கும்தான் சும்மா கிடைக்குது. பெட்டியைத் தொட்டா சுருக்குங்குது. டெஸ்டர் வச்சா எரியுது. பாப்பா தவழ ஆரம்பிச்சிட்டா."

"செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு."

"பாப்பா?"

"அவளுக்கும் வாங்கிருவோம். தவழ்ற பிள்ளைக்கு ரெண்டு ஜோடி."

"ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்களேன்."

"அவன் கை வச்சா என் சுருதி கெட்டுரும்!"

பாப்பா மகிமாவுக்குப் பளபளக்கிற எதுவும் தீனி. அந்தப் பெட்டியின் மூலையெல்லாம் பளபளக்கும். தோசை திருப்பும்போதும் என் ஒரு கண் அங்கேதான். அடுப்பில் இருந்ததெல்லாம் கருகியது.

ஞாயிற்றுக்கிழமை கர்த்தர் வழி காட்டினார். சர்ச் கோயரில் கீபோர்டு ஒரு பக்கம் போனது, இவர் கிட்டார் இன்னொரு பக்கம் போனது. கீபோர்டு வாசிக்கும் ஹென்றி அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தாராம். வீட்டுக்கு வந்த ஆன்றோ பிரியாணித் தட்டையே தள்ளிவிட்டார்.

"அவன் கீபோர்டு இறங்கிப்போச்சு!"

"இல்லைங்க. கான்வென்ட்ல பியானோ சிஸ்டர் சொல்லிக் குடுத்திருக்காங்க. கீழ் ஜிக்கு நாற்பத்தொன்பது துடிப்பு. உங்க கரண்டுக்கு ஐம்பது. ஒண்ணு தூக்கல்."

முகம் தொங்கியது. "அந்த ஒண்ணை எப்படி எடுக்கிறது?"

பைபிள் மேல் கை வைக்கச் சொல்லாதவரை நான் தைரியசாலி. "எர்த் குடுத்தா அந்த ஒண்ணு பூமிக்குள்ள போயிரும். மிச்சம் நாற்பத்தொன்பது. சுத்தமான ஜி."

சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓடினார். எலெக்ட்ரீஷியன் மொஹ்சின் பாயோடு திரும்பினார்.

"இன்னா ஆன்றோ, எர்த்து ஒயரே அறுந்து கீது! கொயந்த கீற வூட்டுல இத்தப் போட்டுகினு..."

"அது இருக்கட்டும் பாய். ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கணும். கூட எடுத்திராதீங்க."

மொஹ்சின் பாய் என்னைப் பார்த்தார். நான் பாப்பாவின் மூக்கைத் துடைத்தேன்.

வேலை முடிந்தது. டெஸ்டர் எரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு விரல் வைத்தேன். ஒன்றுமில்லை. மகிமாவை இறக்கிவிட்டேன். நேரே போய் இரண்டு கையாலும் பெட்டியைத் தட்டிச் சிரித்தாள். அன்றைக்குத்தான் நான் முழு மூச்சு விட்டேன்.

ஆன்றோ பெட்டியில் காதை ஒட்டினார். இந்தக் காது. அப்புறம் அந்தக் காது.

"ஜெஸ்லின், ஒண்ணுதானே போகும்னு சொன்னே? ஐம்பதும் போயிருச்சே!"

"எனக்குக் கணக்கு வராதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"இனி நான் எதைக் கேட்டு ட்யூன் பண்றது?"

"நான் பாடிக் காட்டுறேன்."

இப்போது கோயரில் அவர் சுருதி சுத்தம். சாயங்காலமானால் கிட்டாரோடு சமையற்கட்டு வாசலில் வந்து நிற்கிறார். அவர் பாத்திரம் கழுவி முடித்தால்தான் ஜி தருகிறேன்.