கடல்சிங்கம் கடலை வென்ற படலம்

வாழ்க எங்கள் பூட்டுக்காரர்! சாவி தொலைத்தோரின் சரணாலயமே, ஆயிரம் பூட்டுகளின் வாயைத் திறந்தும் தம் ஒரு வாயைப் பூட்டத் தெரியாத பெருந்தகையே, வளைந்த கம்பி ஒன்றைக் கையில் எடுத்தால் இரும்புப் பெட்டிகளும் உள்ளம் இளகிக் கதவு திறக்கும் பேராற்றலே, உம்மைப் பாடப் புகுந்தோம். சொல்லுக்குரிய தெய்வமே, எம் நாவில் வந்து அமர்வாயாக. அமர்ந்தபின் ஆடாமல் இருப்பாயாக. ஏனெனில் இந்தக் காவியம் ஆட்டத்தைப் பற்றியது. அலைமேல் ஆடும் படகையும், படகின்மேல் ஆடும் வயிற்றையும், வயிற்றுக்கு அஞ்சி ஆடிய ஒரு மாவீரரின் உள்ளத்தையும் பற்றியது.

ஆண்டுக்கு ஒரு ஞாயிறு அந்தக் குடும்பம் வாடகைப் படகெடுத்து மீன்பிடிக்கப் போகும். எங்கே போவது என்பது முந்தின நாள் பிற்பகலில், பூட்டுக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், போர் நடத்தித் தீர்மானிக்கப்படும். மேசைமேல் வரைபடம் விரியும். அதன் நான்கு மூலைகளிலும் உப்பு ஜாடி, இரண்டு பழைய பூட்டுகள், ஒரு திருப்புளி ஆகியவை காவல் நிற்கும். ஒரு பக்கம் பூட்டுக்காரர், கடல் கட்சி. எதிர்ப்பக்கம் அவர் மனைவியின் தம்பி, ஏரிக் கட்சி. லிஃப்ட் மெக்கானிக்கான அவன் மாடிகளுக்கும் மண்ணுக்கும் இடையே பகலெல்லாம் ஏறி இறங்குபவன்; ஊசலாடும் பெட்டிகளின் ஒப்பற்ற தலைவன். நடுவர் ஆசனத்தில் பூட்டுக்காரரின் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், அஞ்சி ஒளியும் நரம்பையும் ஒரே தட்டலில் வெளியே வரவழைக்கும் விரல்கள் அவளுடையவை. அவளுடைய நீதி எளிமையானது: எவன் குரல் கடைசிவரை ஒலிக்கிறதோ அவனே வென்றவன்.

போர் நடந்த எல்லா ஆண்டும் ஏரியே வென்றது. ஆனாலும் 'கடல்சிங்கம்' என்ற பட்டம் பூட்டுக்காரரிடமே நிலைத்தது. மனைவி வீட்டார் அத்தனை பேரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். கல்யாணத்துக்கு முன்பு ஆழ்கடலில் கதவளவு மீனொன்றோடு அவர் பொழுது சாயும்வரை மல்லுக்கட்டிய கதையைச் சாவி செய்யவந்த வாடிக்கையாளரும் அறிவர். ஆண்டுதோறும் அந்த மீன் சிறிது வளர்ந்தும் வந்தது.

உண்மை வேறு. அவர் கடலுக்குப் போனது ஒரே ஒரு முறை. அன்று பொழுது சாயும்வரை அவர் மல்லுக்கட்டியது ஒரு பிளாஸ்டிக் வாளியோடு. வாளிக்குள் கவிழ்ந்த முகம் கரை வந்தபிறகே நிமிர்ந்தது. மீனை அவர் பார்க்கவே இல்லை. மீன்கள் வேண்டுமானால் அவரைப் பார்த்திருக்கலாம். இந்த ரகசியத்தைத் தம் நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டிய அவர், அதன் சாவியை மட்டும் எவருக்கும் செய்து கொடுக்கவில்லை.

ஆகவே தோற்பதில் அவர் பெரும்புலமை பெற்றிருந்தார். இடிபோல் முழங்குவார், மேசையை அறைவார், பின் சரியான கணத்தில் குரலைத் தாழ்த்தி, வரைபடத்தின் நீலப் பரப்பை ஏக்கத்தோடு தடவி, ஒரு பெருமூச்சு விட்டு விலகுவார். பட்டமும் மிஞ்சும், வயிறும் மிஞ்சும். சென்ற ஆண்டு மட்டும் அந்தப் பெருமூச்சைச் சற்று உருக்கமாக விட்டுவிட்டார். விதி அந்த மூச்சிலேறி வந்தது.

இந்த ஆண்டின் போர் தொடங்கியது. அணை உடைந்த வெள்ளம்போல், கட்டவிழ்ந்த களிறுபோல், பூட்டுக்காரர் பாய்ந்தார். கழிமுகத்து நீரில் கொடுவா மீன்கள் கூட்டமாய் ஏறிவரும் காட்சியைக் கையாலேயே வரைந்தார். பாறைத்திட்டின் மறுபுறம் ஆழம் எப்படிச் சரேலென இறங்குகிறது என்று, உப்பு ஜாடியைத் தள்ளிவிட்டு, விரலால் காட்டினார். பின் ஏரியின்மேல் திரும்பி அறைகூவினார்:

"அதுவும் ஒரு தண்ணியா மச்சான்? குளிக்கிற தொட்டியில தூண்டிலத் தொங்கவிடுற மாதிரி! கெண்டை மீனே நம்மளப் பாத்து, பாவம் வேலையத்தவங்கன்னு கொட்டாவி விடும்!"

இந்த இடத்தில் மைத்துனன் சீறி எழுவது வழக்கம். பூட்டுக்காரர் காத்திருந்தார். அவன் எழவில்லை. திருப்புளியைக் கையிலெடுத்து அதன் முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். பூட்டு உள்ளே எங்கோ சிக்கும்போது விரல்நுனிக்கு மட்டும் தெரியுமே ஒரு கலக்கம், அது அவர் உடம்பெங்கும் பரவியது.

"சரி மாமா," என்றான் மைத்துனன். "கடலுக்கே போவோம்."

"என்னது?"

"கடலுக்கே போவோம்னேன்."

"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நடுவர் ஆசனத்திலிருந்து மனைவி புன்னகைத்தாள். "நான்தாங்க இவன்கிட்ட சொன்னேன். போன வருஷம் நீங்க விட்ட பெருமூச்சு இன்னும் என் காதுலயே இருக்கு. இந்த ஒரு தடவையாவது மாமா இஷ்டத்துக்கு விட்டுடுடான்னு சொல்லிட்டேன். படகுக்கும் சொல்லியாச்சு."

அந்தோ! எதிரியின் வாளுக்குத் தப்பியவர் அன்பின் வாளுக்குத் தப்பவில்லை. கோட்டையைப் பிடிக்க மாட்டோம் என்ற உறுதியோடு கோட்டைக் கதவை முட்டிக்கொண்டிருந்தவர், கதவு திறந்ததும் தடுமாறி உள்ளே விழுந்தார்.

விழுந்தவர் எழுந்தார். வென்ற போரில் தோற்பதற்கான இரண்டாம் போர், உலகம் காணாத போர், அக்கணமே மூண்டது.

"நாளைக்குக் காத்து பலமா இருக்கும்போல இருக்கே," என்று முதல் அம்பை எய்தார்.

மைத்துனன் போனைப் பார்த்தான். "காத்தே இல்லையாம் மாமா," என்றான், துக்கம் விசாரிக்க வந்தவன் குரலில்.

"அதுக்கில்ல. ஏரின்னா நிழல் இருக்கு. படகுத்துறைய ஒட்டியே கழிப்பறை இருக்கு. மீனு சின்னதா இருந்தாலும் நிச்சயமா மாட்டும். என் சந்தோஷத்த மட்டும் பாத்தா போதுமா?" என்று கூறியபோது, சற்றுமுன் அவர் குளியல்தொட்டி என்று இகழ்ந்த அந்நீர்நிலை அமுதசாகரமாய்ப் பொங்கிற்று.

மைத்துனன் முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஓர் ஒளி பிறந்தது. "மாமாவே இவ்வளவு சொல்றாருன்னா, பேசாம ஏரிக்கே—"

"வாய மூடுடா!" என்று நடுவர் கர்ஜித்தாள். "அவரு நமக்காக விட்டுக் கொடுக்குறாருடா. மனசு முழுக்கக் கடல வச்சுக்கிட்டு ஏரியப் புகழுறாரு பாரு. இப்படி ஒரு மனுஷன் கிடைப்பாரா?"

ஒளி அணைந்தது. மைத்துனன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மீண்டும் திருப்புளியைப் பார்க்கலானான்.

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். 'எனக்குக் கடல் ஒத்துக்காது.' ஒரு வரிதான். சொன்னால் இந்த நிமிஷமே விடுதலை. வாய் திறந்தார். அவளோ ஓராண்டாக மனதில் சுமந்த பரிசைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் பிரித்துப் பார்க்கக் காத்திருப்பவள்போல நின்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. கதவளவு மீன் செத்தால் செத்துப் போகட்டும். அந்த முகம் வாடுவதை எப்படிப் பார்ப்பது? எத்தனையோ பேருடைய பூட்டைத் திறந்துவிட்ட அந்தக் கைகள் தம் நெஞ்சின் பூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டன.

பிறகு எழுந்தார். மலை எழுந்ததுபோல் எழுந்தார். வலக்கையை வரைபடத்தின் நீலத்தில் ஊன்றி, திசைகளெல்லாம் கேட்க முழங்கினார்:

"கடல்தான்! விடியறதுக்கு முன்னாடி கிளம்புறோம்!"

மனைவி கைதட்டினாள். பூட்டுகள் இரண்டும் மேசைமேல் அதிர்ந்தன. கீழைக்கடலும் மேலைக்கடலும் செய்தி கேட்டு ஒருகணம் அலையடங்கி நின்று, பின் தம் விருந்தாளியை வரவேற்க இன்னும் உயரமாய் எழும்பத் தொடங்கியிருக்கும். மைத்துனன், வேனுக்கு டீசல் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, வீரர்க்குரிய விறைப்போடு வெளியேறினான். சற்றுப் பொறுத்து, தூண்டில் முள் வாங்கிவருவதாக அறிவித்து, வாகை சூடிய வேந்தர்போல் தலை நிமிர்ந்து, செருப்பை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, கடல்சிங்கமும் தெருவில் இறங்கிற்று.

தெருமுனை மருந்துக் கடையில், வாந்தி மாத்திரை கேட்டு அவருக்கு முன்னால் மைத்துனன் நின்றுகொண்டிருந்தான்.