தோள் மேல திருநீறு

சனிக்கிழமை காலையில எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அலோர் காஜா டவுனுக்குப் போய் பார்மசியில பொடுகு ஷாம்பூ ஒரு பாட்டில் வாங்கிட்டு வரணும்.

எனக்கு வயசு பதினாறு. ஃபோம் ஃபோர் படிக்கிறேன். தலையில முடி நிறைய, முடிக்குள்ள பொடுகு அதைவிட நிறைய. இத்தனை நாளா அது ஒரு பிரச்சினையாவே இல்ல, ஏன்னா ஸ்கூல் சட்டை வெள்ளை. வெள்ளை மேல வெள்ளை விழுந்தா யாருக்குத் தெரியப் போகுது?

இந்த வருஷம் என்னை பெங்காவாஸா போட்டுட்டாங்க. மத்த பசங்க ஒழுங்கா லைன்ல நிக்கிறாங்களான்னு பார்க்கிற வேலை. அதுக்குக் கருநீல ப்ளேசர் கொடுத்தாங்க. வீட்டுல போட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு ஸ்டைலா ஒரு தடவை தலையைக் கோதினேன். அவ்வளவுதான், ரெண்டு தோள்லயும் கோதுமை மாவு சலிச்சு விட்ட மாதிரி ஆயிடுச்சு.

திங்கட்கிழமை அசெம்பிளியில அதைப் போட்டுக்கிட்டு எல்லார் முன்னாடியும் நிக்கணும். பக்கத்துல தர்ஷினி நிப்பா. அவளும் என் கிளாஸ், அவளும் பெங்காவாஸ். இதுக்கு மேல நான் விளக்கம் சொல்லத் தேவையில்ல.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். கைக்குழந்தையில எனக்குக் கடுமையா காய்ச்சல் வந்தப்ப, அம்மா முருகனுக்கு மொட்டை நேர்ந்துக்கிட்டாங்களாம். என் தலைக்கு, என்னைக் கேக்காமலே! பரீட்சை, ஸ்கூல் போட்டோ, சித்தி கல்யாணம்னு வருஷா வருஷம் ஒரு சாக்கு சொல்லித் தப்பிச்சிக்கிட்டு வர்றேன். வீடியோ பார்த்துப் பார்த்து முன்பக்கம் சுருட்டி வளர்த்த முடியை யாராவது கொடுப்பாங்களா?

சரி, ஷாம்பூவுக்கு வருவோம். பஸ் ஸ்டாப்ல நின்னேன். பொடுகு ஷாம்பூ வாங்கப் போறவன் என்ன கலர் டீசர்ட் போட்டிருக்கணும்? நான் கறுப்பு போட்டிருந்தேன். என் அறிவு அப்படி.

பஸ்ஸுக்கு முன்னாடி கோபால் மாமா கார் வந்துச்சு. எங்க எஸ்டேட் முருகன் கோயில் செயலாளர். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். டவுனுக்கா, ஏறுன்னாரு. ஏறி உக்காந்தேன். என் தோளை ஒரு பார்வை பார்த்தாரு.

"என்ன தம்பி, காலையிலயே கோயிலுக்குப் போயிட்டு வந்தியா? தோளெல்லாம் திருநீறு கொட்டிக் கிடக்கு."

அந்த நேரத்துல நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொடுகுன்னு மூணெழுத்துதான். ஆனா வாய் தன் பாட்டுக்கு "ஆமா மாமா"ன்னு சொல்லிடுச்சு.

அப்போ நெத்தியில ஏன் காணோம்னு கேட்டாரு. வேர்வையில அழிஞ்சிடுச்சுன்னு சொன்னேன். மாமா கண்ணு கலங்கிடுச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க போனைத் தவிர ஒண்ணையும் கும்பிடுறதில்லன்னு இவ்வளவு நாள் தப்பா நினைச்சுட்டேன்னு வருத்தப்பட்டாரு. வருத்தப்பட்டவர் அப்படியே விட்டிருக்கலாம்.

டவுன் வர்றதுக்கு முன்னாடியே கார் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள்ள திரும்புச்சு. மறுநாள் கோயில் திருவிழா. எல்லாரும் சேர்ந்து சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்காங்க, ஒரு அஞ்சு நிமிஷம் வந்து தலையைக் காட்டிட்டுப் போன்னாரு. எனக்கு அன்னிக்குக் காட்டக் கூடாத ஒரே பொருள் தலைதான்.

எங்க தாமான் வீடுகள்ல இருக்கிற பாதிப் பேர் கோயில்லதான் இருந்தாங்க. ஆம்பளைங்க பந்தல் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பொம்பளைங்க பூக் கட்டிக்கிட்டு இருந்தாங்க, அந்தக் கூட்டத்துல தர்ஷினி. சமையல் கட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டு எங்கம்மா.

அப்போ ஒருத்தர் மைக் டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்தாரு. கோபால் மாமா அதை வாங்கினாரு. நம்ம வீட்டுப் பிள்ளைங்களைப் பத்திப் பெருமைப்படணும்னு ஆரம்பிச்சு, விடியக்காலையில கோயில், தோள் நிறைய திருநீறு, வேர்வையில அழிஞ்ச பட்டைன்னு ஒண்ணு விடாம சொன்னாரு. மொத்தக் கூட்டமும் என் தோளைத் திரும்பிப் பார்த்துச்சு. தர்ஷினியும்தான்.

அம்மா கையைத் துடைச்சுக்கிட்டு வெளியில வந்தாங்க. என் தலையணை உறையைத் துவைக்கிறவங்க அவங்க. அது என்ன திருநீறுன்னு உலகத்துலயே நல்லாத் தெரிஞ்ச ஆள். கிட்ட வந்து என் தோளைப் பார்த்தாங்க, அப்புறம் முகத்தைப் பார்த்தாங்க. சொல்லிடாதீங்கம்மான்னு கண்ணாலயே கெஞ்சினேன்.

சொல்லல. அதுதான் ஆபத்தா போச்சு.

"ஆமாங்க, சின்னதுலேர்ந்தே அவனுக்கு முருகன்னா உயிரு. மொட்டை ஒண்ணு பாக்கி இருக்கு, அதையும் நாளைக்கே போட்டுறேன்னு வந்து நிக்கிறான் பாருங்க."

எல்லாரும் கை தட்டினாங்க.

எனக்கு ரெண்டே வழி. இது பொடுகுன்னு தர்ஷினி முன்னாடி ஒத்துக்கிட்டு முடியைக் காப்பாத்தலாம். இல்லாட்டி வாயை மூடிக்கிட்டு முடியைக் கொடுக்கலாம். நான் நல்லா யோசிச்சு, கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் மொட்டை அடிக்க வந்த முடிவெட்டுற அண்ணன் என் தலையை நனைச்சாரு, கத்தியை வச்சாரு, நிறுத்தினாரு. குனிஞ்சு என் காதுல, "தம்பி, இது திருநீறு மாதிரி தெரியலையே லா"ன்னாரு.

"பேசாம வழிச்சு விடுங்கண்ணே."

மனுஷன் நல்லவர். சிரிப்பை அடக்கிக்கிட்டு வழிச்சு விட்டாரு. என் சுருட்டை முடி முன்னாடி விழுறதைப் பார்த்தப்ப நிஜமாவே அழுதுட்டேன். பக்தியில அழுவுறான்னு சுத்தி நின்னவங்களும் அழுதாங்க. அம்மா மட்டும் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு தோள் குலுங்க நின்னாங்க. அது அழுகை இல்ல.

திங்கட்கிழமை ப்ளேசர் போட்டுக்கிட்டு அசெம்பிளியில நின்னேன். கருநீலம்னா சுத்தமான கருநீலம், ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. தர்ஷினி என்னைப் பார்த்து, மொட்டை நல்லாத்தான் இருக்குன்னா. முதல் தடவையா முருகன் மேல எனக்கு உண்மையிலேயே பக்தி வந்துச்சு.

அதே சந்தோஷத்தோட சாயங்காலம் பஸ் ஸ்டாப்ல இறங்கினேன். கோபால் மாமா காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, என் தோளையே கவலையா பார்த்தாரு.

"என்ன தம்பி, மொட்டை போட்ட மறுநாளே கோயிலுக்குப் போறதை நிறுத்திட்டியா?"