ஒவிதியோவின் காரில் குளிர்காற்று

ஹீட்டரைப் போட்டதும் ஒவிதியோவின் முகத்தில் பனிக்காற்று அறைந்தது. அர்ஜென்டினாவின் தென்கோடி ரியோ காயேகோஸில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; காற்று வெளியே குளிரட்டும், அது நியாயம். காருக்குள்ளும் அதே காற்றென்றால் கார் எதற்கு?

போன வாரம் சர்வீஸ் விட்டு எடுத்ததிலிருந்து இந்தக் கூத்து. இவரைப்போலவே ஆள் ஏற்றி ஓட்டும் போட்டிக்கார ரமோன் வேறு புது வேன் வாங்கியிருந்தான். உள்ளே அடுப்படி மாதிரி கதகதப்பாம். வாராவாரம் இவர் காரில் கலாஃபாத்தே ஊருக்கு வரும் நர்ஸ் சுலேமாவும் வாத்தியார் ஃபெர்மினும் அதில் ஏறிவிட்டால் ஒவிதியோவின் பிழைப்பில் மண்தான்.

சர்வீஸ் செய்த மெக்கானிக் எவாரிஸ்தோவிடம் ஓடினார்.

“ரேடியேட்டர்ல தண்ணி கொறஞ்சிருக்குண்ணே.”

ஊற்றினான். காற்று இன்னும் ஜில்லென்று வந்தது.

“ரேடியேட்டர் முன்னாடி அட்டை கட்டிப் பாருங்க. ஊரே அதத்தான் பண்ணுது.”

கட்டினார். எஞ்சின் கொதித்து ஆவி விட்டது; உள்ளே கால் மரத்துப்போனது.

“உன் முழியே சரியில்லையேடா. ரமோன் உன்னை வந்து பாத்தானா?”

“சேச்சே!” என்றவன் இருமினான். அந்த இருமல் ஒவிதியோவுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் பயணிகள்மேலும் சந்தேகம் வந்தது. ஆளுக்கு இரண்டு கம்பளியோடு ஏறினார்களே தவிர, ஒரு முணுமுணுப்பு இல்லை.

“ரொம்பக் குளிருதா வாத்தியாரே?”

“சொர்க்கம்!” என்றார் ஃபெர்மின், பல் கிடுகிடுக்க.

“ரமோன் வண்டிக்குப் போயிடாதீங்க.”

“அங்க மாத்தே டீ குடிக்கக் கூடாதாமே. அதெல்லாம் ஒரு வண்டியா?” என்றபடி சுலேமா பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, மாத்தேக் குடுவையை மறுபடியும் ஒவிதியோவிடம் நீட்டினாள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அது எத்தனையாவது என்றே தெரியவில்லை.

“போன வருஷம் அந்தக் குவானாக்கோ மிருகம் குறுக்க பாஞ்சு வண்டி பள்ளத்துல எறங்குச்சே, அன்னைக்குக்கூட இவ்ளோ பாடு படல” என்று புலம்பினார் ஒவிதியோ.

பின்சீட்டில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பொறுக்க முடியாமல் ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தார். ஹீட்டருக்குச் சுடுநீர் கொண்டுபோகும் ரப்பர் குழாயின் நடுவே பளபளவென்று ஒரு புது வால்வு. இறுக மூடியிருந்தது.

“எவாரிஸ்தோ, மாட்டினியாடா!”

திறந்துவிட்டார். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சூடான காற்று ஜம்மென்று வந்தது.

“பாத்தீங்களா! எல்லாம் அந்த ரமோனோட சதி!”

தொப்பியைக் கழற்றி, சுகமாகச் சாய்ந்துகொண்டார். நீளமாக ஒரு கொட்டாவி வந்தது.

சட்டென்று பின் ஜன்னல் கண்ணாடிகள் இரண்டும் இறங்கின. வாத்தியார் கைதட்டிப் பாடத் தொடங்கினார். சுலேமா தன் ஐஸ் கையை ஒவிதியோவின் பிடரியில் வைத்து அழுத்தினாள்.

“ஓஹோ! நீங்களும் ரமோன் ஆளுங்கதானா?”

“வால்வு வைக்கச் சொன்னதே நாங்கதாண்ணே” என்றாள் சுலேமா. “அன்னைக்கு ரோட்டுல குவானாக்கோ எதுவும் வரல; உங்க கொறட்டைதான் வந்துச்சு.”