உப்புக் கிட்டங்கியைக் காப்பாற்றியவர்கள்

வாசகரே, இடிந்து விழப்போகும் பழைய கட்டடங்களில் எலி, வௌவால், ஆலங்கன்று இவற்றோடு இன்னோர் உயிரினமும் குடியேறும். காப்பாற்றுவோர் என்று அதற்குப் பெயர். எலியாவது இருட்டில் வரும். இவர் வெளிச்சத்தில்தான் வருவார். கூடவே போட்டோகிராபரும் வருவார்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கைத்தறி ஜிப்பா, தோளில் துணிப்பை, வாயில் 'பாரம்பரியம்'. பழைய சுவரைக் கண்டால் காய்ச்சல் பார்ப்பதுபோல உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். படம் எடுத்தாயிற்று என்று சொன்ன பிறகுதான் திறப்பார். அப்பா கட்டிய வீட்டை இடித்துத் தள்ளி, தேக்குக் கதவை வந்த விலைக்கு விற்று, வாசலிலிருந்து கொல்லை வரை வழுக்கி விழும்படி கிரானைட் போட்டவரும் இவர்தான். அதைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள், சங்கடப்படுவார்.

என் கைவசம் உள்ள சாம்பிளின் பெயர் துரைராசு. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்குப் பக்கம். ஊரில் பாதிப் பேர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, அங்கிருந்து வந்த பணத்தில் மீதிப் பேர் கடைத்தெரு முழுக்கக் காம்ப்ளக்ஸ் கட்டிவிட்டார்கள். ஆற்றோரம் வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிவைத்த கிட்டங்கி ஒன்று மட்டும் தப்பித்து நின்றது. சுண்ணாம்புக் காரைச் சுவர், நாட்டு ஓடு. அதற்குள் அம்சம் என்பவர் ஒரு நாடகக் குழு நடத்திவந்தார். அம்சத்தின் அப்பாவும் அம்மாவும் பண்ணையில் நாற்றுப் பறித்தவர்கள். அம்சம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்ததும் வந்து கதவைத் திறப்பார். வாய்க்கால் தெருப் பிள்ளைகளும் பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து வசனம் படித்து, தப்படித்து, சண்டை போட்டுச் சிரிக்கிற இடம் எங்கள் ஊரில் வேறு கிடையாது. அது போனால் சாயங்காலம் என்பது டி.வி. சீரியல்தான்.

அந்த இடத்தில் ஒரு பெரிய காம்ப்ளக்ஸ் வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்பியது. கிளம்பிய மறுநாளே நம் ஆள் வந்துவிட்டார். பாதுகாப்புக் குழு ஒன்று பிறந்தது. தலைவர், செயல் தலைவர், கௌரவத் தலைவர், ஆலோசகர்கள், ஒருங்கிணைப்பாளர்கள் எல்லாரும் இருந்தார்கள். வெறும் உறுப்பினர்? அப்படி ஒருவரும் இல்லை. குழு கூடும் நாளெல்லாம் ஒத்திகை ரத்து. ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். மிஞ்சிய ஒன்றை நடுத் தூணுக்குப் போர்த்தினார்கள். அம்சத்துக்கு அடுத்த கூட்டத்தில் போர்த்துவதாகச் சொன்னார்கள்.

முதல் தீர்மானம், உப்பு ஏறிப்போன இந்தச் சுவரில் யாரும் ஆணி அடிக்கக் கூடாது என்பது. கைதட்டி நிறைவேற்றினார்கள். அன்றைக்கே பிள்ளைகளின் முகமூடிகளைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் போட்டாயிற்று. நல்ல தீர்மானம்தான், குறை சொல்லவில்லை. அம்சம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், வடக்குப் பக்கம் ஓடு சரிஞ்சு கெடக்கு. ஐப்பசி மழைக்கு முன்னாடி மாத்திக் குடுத்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாங்க."

"மாத்தலாம்மா. முதல்ல கிட்டங்கியக் காப்பாத்துவோம். அப்புறமா ஓடு மாத்திக்கலாம்" என்றார் துரைராசு.

"ஓடு மாத்துறதுதாங்க சார் காப்பாத்துறது."

"நீங்க அவசரப்படுறீங்க. நாங்க லாங் டேர்மா யோசிக்கிறோம்."

இதற்கிடையில் காம்ப்ளக்ஸ்காரருக்குப் பைபாஸ் ஓரமாக இதைவிட வசதியான மனை கிடைத்துவிட்டது. அவர் பாட்டுக்கு அங்கே போய்விட்டார். குழு அதை வெற்றி என்று அறிவித்தது. வெற்றி என்று வந்துவிட்டால் கல்வெட்டு வேண்டாமா? காப்பாற்றியவர்களின் பெயரெல்லாம் பொறித்து, பளபளவென்று ஒரு கருங்கல் பலகை. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதில் புரட்டாசி மாதம் முழுக்கப் போயிற்று. ஓடு மாற்றும் செலவை ஏற்பதாகச் சொல்லியிருந்த எங்கள் ஊர் ஹபீப் முகம்மது, பணம் கல்லுக்குப் போவதைக் கேள்விப்பட்டுத் துபாயிலிருந்து போன் செய்தார்.

"நான் ஓட்டுக்குத்தானே தர்றேன்னு சொன்னேன்?"

"ஓட்டுல உங்க பேரை எழுதுனா யாருங்க அண்ணாந்து பார்ப்பாங்க?" என்றார் துரைராசு.

"அதுவும் சரிதான். அப்ப எங்க அத்தா பேரையும் சேர்த்துப் போட்டுடுங்க."

கல்லைச் சும்மா சாய்த்து வைத்தால் எடுப்பாக இருக்காதாம். வாசலை ஒட்டிய வடக்குச் சுவரில், போகிறவர் வருகிறவர் கண்ணுக்கு நேரே, குழிவெட்டிப் பதிக்க வேண்டுமாம். கட்டிங் மெஷினோடு ஆள் வந்து நின்றபோது அம்சம் குறுக்கே போய் நின்றார்.

"ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் தீர்மானம் போட்டீங்க?"

"இது ஆணி இல்லையேம்மா. கல்லு."

வங்கியில் இத்தனை வருடம் கடன் கேட்டு வந்தவர்களை இப்படித்தான் திருப்பி அனுப்பியிருப்பார் போலிருக்கிறது. சுவரை முக்கால் கனத்துக்கு வெட்டிக் கல்லை ஏற்றினார்கள். திறப்பு விழாவில் கேசரி நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழைக்குக் குழுவும் தெரியாது, தீர்மானமும் தெரியாது. சரிந்த ஓட்டு வழியாக இறங்கிய தண்ணீர் வெட்டின இடத்தில் புகுந்து ஊறியது. ஒரு காலை நேரம் வடக்குச் சுவர் பாதி உட்கார்ந்துவிட்டது. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. ஈரம் குடித்துத் தோல் தொய்ந்துபோன தப்புகளை அம்சம் மண்ணிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தபோது துரைராசு குடையோடு ஓடிவந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி இது:

"கல்லுக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஆகவில்லை. கீறல்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கல்லை ஆற்றில் உருட்டியிருப்பேன், தூக்க முடியவில்லை.

'ஆபத்தான கட்டடம்' என்று அதிகாரிகள் வந்து பலகை மாட்டிக் கிட்டங்கியைப் பூட்டிவிட்டார்கள். இப்போது ஒத்திகை ஊருக்கு வெளியே நெல் கொள்முதல் ஷெட்டில் நடக்கிறது. சம்பா அறுப்பு வந்து மூட்டை அடுக்கினால் அதுவும் கிடையாது. அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று ராணி வேஷம் கட்டும் ஷமீராவை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ராணி இல்லாத நாடகத்தைப் பொங்கலுக்கு எப்படிப் போடுவது என்று அம்சம் யோசித்துக்கொண்டிருக்கிறார். குழுவுக்கு அந்தக் கவலை இல்லை. அது 'மீட்புக் குழு' என்று பெயர் மாற்றிக்கொண்டு போன வாரம் கூடியது. துரைராசு வீட்டுக் கிரானைட் போர்டிகோவில், பத்திரமாகச் சாய்த்து வைத்த கல்லைச் சுற்றி உட்கார்ந்துதான் கூடியது.

சிரிக்கிறீர்களா? நல்லது. அம்சத்தின் நாடகம் ஒன்றையாவது கடைசிவரை உட்கார்ந்து பார்த்ததுண்டா? கிட்டங்கி இடிந்த படத்தின் கீழே அழுகிற பொம்மை ஒன்றைப் போட்டு நாலு பேருக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனது நீங்கள்தானே? கூச்சப்படாதீர்கள். கல்லின் அடியில் உங்கள் பெயருக்கும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வெட்டியிருக்கிறார்கள். இனிஷியலை மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள்.